பதினேழாம் கேள்வியும் வங்கிக் கரையும்

பேசாமல் உட்கார்ந்திருப்பதற்காகச் சம்பளம் வாங்கும் மனிதன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட இது மேல்.

காஞ்சிபுரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், பெற்றோரிடம் பேசி, மறுபடியும் பள்ளிக்கு அனுப்ப வைக்க வேண்டும். இதில் 'பெற்றோரிடம் பேசி' என்கிற இடம்தான் எனக்கு உதைக்கும். புது ஆள் முகத்தைப் பார்த்தால் என் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். (மணமேடையில் ஐயர் என் பெயரைக் கேட்டபோது, பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கோமளாதான் 'ஏகாம்பரம்' என்று சொன்னாள். அன்று ஆரம்பித்தவள், இன்றுவரை எனக்காகவும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.)

படித்தது ஐந்தாம் வகுப்பு. அதன் பிறகு இருபது வருடம் ஜக்கார்டு அட்டை அடித்தேன். புடவைக் கரையில் வரவேண்டிய டிசைனைக் கட்டம்போட்ட தாளில் வரைந்து தருவார்கள். எந்தக் கட்டத்தில் புள்ளி இருக்கிறதோ அந்த இடத்தில் அட்டையில் ஓட்டை போட வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், ஓட்டை இருக்கிற இடத்தில் புடவையில் பூ விழும். ஒரே ஓர் ஓட்டை இடம் மாறினாலும் போச்சு. முந்தானை வரைக்கும் அந்தத் தப்பு கூடவே வரும். ஆனால் யாரிடமும் பேச வேண்டாம். எனக்கென்றே செய்த வேலை.

அதிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பத்மா மேடம். எங்கள் நிறுவனத்தின் இயக்குநர். "உங்களுக்குத் தறி இருக்கற எல்லா வீடும் தெரியும், அது போதும் எனக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்கும் பேச வேண்டுமே. அதனால் சேர்ந்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலை நரைத்த பெரிய நிபுணர். இன்னொருவர் நித்யா என்ற இளம்பெண், மடியில் கணினி. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல் சமூகப் பணியாளர்களுக்கும் உரிமம் வர வேண்டும், அதற்கு ஒரு தேர்வு வேண்டும் என்று ஒரு குழு முயற்சி செய்துகொண்டிருந்ததாம். தேர்வு என்றால் சும்மா உட்கார்ந்து கேள்வி எழுதிவிட முடியாதாம். முதலில் இந்த வேலையில் இருப்பவர்கள் தினமும் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டுமாம். அப்புறம் அதிலிருந்துதான் கேள்வி செய்வார்களாம்.

என்னிடம் நித்யா வந்தார். "நீங்க பண்ண ஒரு கேஸ் சொல்லுங்க சார்."

(என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே ஐந்து நிமிடம் போய்விட்டது.)

"செவிலிமேட்டுல ஒரு வீடும்மா. பொண்ணப் படிப்ப நிறுத்திட்டுத் தறியில உக்கார வெச்சிட்டாங்க. போனேன். உக்காந்தேன்."

"என்ன பேசினீங்க?"

"பேசல."

"மறுநாள்?"

"போனேன். உக்காந்தேன். அந்த வீட்டுப் பூன வந்து மடியில படுத்துக்கிச்சு."

"மூணாவது நாள்?"

மூன்றாவது நாள்தான் விஷயமே நடந்தது. தறியில் இருந்த அப்பாக்காரர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கத்தினார். "யோவ், இன்னாத்துக்குத்தான்யா தெனம் வந்து குந்திக்கினு இருக்கற? பொண்ண இஸ்கோலுக்கு அனுப்பணும், அதானே? திங்கக்கெழம அனுப்பிடுறேன். மொதல்ல நீ எழுந்து போ. உன்னப் பாத்தா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது!"

திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்குப் போனாள். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டீ ஆறிவிட்டது. நித்யா முகமெல்லாம் வெளிச்சமாகத் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தேன். 'மௌனமான உடனிருப்பு' என்று இருந்தது.

"இது பெரிய டெக்னிக் சார். வெளிநாட்டுல இதுக்கே டிரெய்னிங் குடுக்கறாங்க."

"டெக்னிக்கு இல்லம்மா, கூச்சம்."

அதை மட்டும் அவர் தட்டச்சு செய்யவில்லை.

சில மாதம் கழித்துப் பத்மா மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். தேர்வுக் கேள்விகள் தயாராம். நம் ஊர்க் களப்பணியாளர்களை வைத்து ஒரு முன்னோட்டத் தேர்வு நடத்தப் போகிறார்களாம். "ஒழுங்கா எழுதுங்கப்பா. நாளைக்கு லைசென்ஸ்னு ஒண்ணு வந்துட்டா, அது இல்லாதவங்கள வெச்சுக்க என்னால முடியாது" என்று சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைத்தான் நான் பார்த்தேன். அங்கே ஐந்தாம் வகுப்பு நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கோமளா அடுப்பைப் பார்த்தபடியே, "வேல போச்சுன்னா இந்த வயசுல எவன் கூப்புடுவான் உங்கள? இப்ப அட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல அடிக்கறாங்க" என்றாள். எங்கள் மகள் ரேவதி அப்போதுதான் கல்லூரியில் சமூகப்பணிப் படிப்பில் சேர்ந்திருந்தாள். (நான் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் கட்டணம் கட்டிப் படிக்கிறாள்.) பத்து நாள் எனக்குப் பாடம் எடுத்தாள். பதினோராம் நாள் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: "தெரியலன்னா எது நீளமா இருக்குதோ அதப் போட்டுடுப்பா."

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். பெரிய நிபுணர் முன்னால் நின்று, "பயப்படாதீங்க. இன்னிக்கு உங்களைச் சோதிக்கல. கேள்விகளைத்தான் சோதிக்கிறோம். எந்தக் கேள்வி நல்ல கேள்வி, எது கோளாறுன்னு உங்க விடைய வெச்சுத்தான் கண்டுபிடிக்கப் போறோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஒருவர்கூட நம்பவில்லை. நம் ஊரில் கேள்வியை யார் சோதித்திருக்கிறார்கள்? பென்சிலும் ரப்பரும் கொடுத்தார்கள்.

பக்கத்து பெஞ்சில் தனலட்சுமி. ஐயம்பேட்டைக்காரி, விவசாயக் குடும்பம், எங்கள் நிறுவனத்தில் அவளுக்கும் என் வேலைதான். வித்தியாசம், அவள் போன வீட்டில் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். பேச்சு நின்றால் போதுமென்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். "அண்ணா, உன் பொண்ணு இதே படிப்புதான படிக்குது? எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கும். உனக்கு இன்னா கவல!" என்றாள். நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிய கேடு என்று அப்போது தெரியாது.

நூறு கேள்வி, இரண்டு மணி நேரம். முதல் கேள்வி: 'பயனாளியின் தன்னிர்ணய உரிமையை மதிக்கும்பொருட்டுக் களப்பணியாளர் முதற்கண் மேற்கொள்ளத்தக்க நடவடிக்கை யாது?' நான் எழுத்துக்கூட்டி 'யாது' என்ற இடத்துக்கு வருவதற்குள் ஆரம்பத்தில் என்ன இருந்தது என்று மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து வந்தேன். இப்படியே பதினாறு கேள்வி தாண்டினேன்.

பதினேழாவது கேள்வியைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. 'ஒரு நெசவாளர் இல்லத்திற்குக் களப்பணியாளர் ஒருவர் தொடர்ந்து மூன்று நாள்கள் சென்று, எதுவும் பேசாமல் அமர்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் தந்தை தாமாகவே மகளைப் பள்ளிக்கு அனுப்ப முன்வருகிறார். இங்கே கையாளப்பட்ட உத்தி எது?'

நான்தான்! ரேஷன் கார்டுக்குப் பிறகு நான் அச்சில் வந்தது இதுதான். பூனையை மட்டும் விட்டுவிட்டார்கள். அதில் கொஞ்சம் வருத்தம்.

அ. உரிய அலுவலரிடம் புகார் அளித்தல். ஆ. அரசு நலத்திட்டங்களை விளக்குதல். இ. பெற்றோரைக் கண்டித்து எச்சரித்தல். ஈ. மௌனமான உடனிருப்பின் வழியே நம்பிக்கையை வளர்த்தல்.

நித்யாவின் கணினியில் பார்த்த அதே வார்த்தை. நீளமாக வேறு இருந்தது. ஈ என்ற வட்டத்தை அழுத்தி நிரப்பினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பரீட்சையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விடை.

அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஐந்து கேள்வி படித்தேன். "இன்னும் இருபது நிமிஷம்" என்று குரல் வந்தது. நான் இருந்தது இருபத்திரண்டில். விடைத்தாளைப் பார்த்தேன். எழுபத்தெட்டு வரிசை காலி. வேலை போய்விட்டது என்று தெரிந்தது. கோமளா அடுப்பைப் பார்த்துச் சொன்னது காதில் கேட்டது. கண் மங்கி, தாளில் இருந்த எழுத்தெல்லாம் மறைந்து, வட்டங்கள் மட்டும் தெரிந்தன. வரிசைக்கு நாலு வட்டம், ஒன்றன்கீழ் ஒன்றாக, நேர்கோட்டில்.

அதைப் பார்த்ததும் எனக்குள் இருபது வருடம் அட்டை அடித்த மனிதன் எழுந்து உட்கார்ந்தான். இது விடைத்தாள் இல்லையே, ஓட்டை போடாத அட்டை அல்லவா!

நாலு கட்டத்துக்குள் என்ன டிசைன் வரும்? வங்கிதான் வரும். (பணம் போடுகிற வங்கி இல்லை. கரையில் மேலும் கீழும் வளைந்து வளைந்து ஓடுமே, அந்தக் கோடு.) அ, ஆ, இ, ஈ, திரும்பி இ, ஆ, மறுபடி அ. முதல் வரிசையிலிருந்தே மனசில் எண்ணிக்கொண்டு வந்து, இருபத்துமூன்றாவதில் என் கை ஓட ஆரம்பித்தது. கேள்வித்தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் எழுபத்தெட்டு வரிசையும் முடிந்தது. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். அம்சமாக இருந்தது, கீழ்ப்பகுதி மட்டும். மேலே, நான் படித்துப் படித்துப் போட்ட இருபத்திரண்டு விடையும் எலி கடித்த கரை மாதிரி இருந்தது.

இங்கேதான், புத்தியுள்ள எவனும் செய்யாத காரியத்தைச் செய்தேன். அட்டை அடித்த கைக்கு இடம் மாறிய ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ரப்பரை எடுத்தேன். வங்கிக்கு ஒத்துவராத விடைகளை ஒவ்வொன்றாக அழித்துச் சரிசெய்துகொண்டு வந்தேன். பதினேழாவது வரிசையில் கை நின்றது. அங்கே ஈ இருந்தது. வங்கி கேட்டது இ.

தெரிந்த விடை. நானே விடையாக இருக்கும் விடை. மனசு வேண்டாம் என்றது. ஆனால் பதினாறில் ஈ, பதினேழிலும் ஈ என்றால் முனை மழுங்கிவிடும் அல்லவா? அழித்துவிட்டு இ போட்டேன். அதாவது, செவிலிமேட்டு வீட்டில் மூன்று நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நான், அந்தப் பெற்றோரைக் கண்டித்து எச்சரித்ததாக என் கையாலேயே சாட்சி சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் தனலட்சுமி என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை மிஷின்போல ஓடுவதைப் பார்த்து, மகள் சொல்லிக்கொடுத்ததுதான் கொட்டுகிறது என்று முடிவுகட்டி, தன் விடையையெல்லாம் அழித்துவிட்டு என் வங்கியை வரிக்கு வரி இறக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துப் பின்பெஞ்சு. பின்பெஞ்சைப் பார்த்து அதற்கும் பின்பெஞ்சு. கண்காணிப்பாளர் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தார். நான் போட்ட ஒரே ஓர் அட்டைக்கு இத்தனை தறி ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து முடிவு பற்றிப் பேச ஒரு கூட்டம். எங்கள் நிறுவனக் கூடத்திலேயே நடந்தது. இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பெரிய நிபுணர் திரையில் கோடுகளைக் காட்டி விளக்கினார். "ஒரு கேள்விக்கு நல்லா எழுதறவங்க சரியாவும், சுமாரா எழுதறவங்க தப்பாவும் போட்டா அது நல்ல கேள்வி. எல்லாரும் சேர்ந்து ஒரே தப்பப் போட்டா, கோளாறு கேள்வியிலதான். நம்ம தேர்வுல நிறையக் கேள்வி அடிபட்டிருக்கு, அதுலயும் ரொம்ப அடிபட்டது பதினேழாவது கேள்வி. பாதிப் பேருக்கு மேல 'கண்டித்து எச்சரித்தல்'னு போட்டிருக்காங்க. ஏன்?" கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்னா இந்தச் சம்பவமே நம்பற மாதிரி இல்ல. மூணு நாள் ஒருத்தர் அடுத்தவங்க வீட்ல போய்ப் பேசாம உக்காந்திருப்பாரா? காஞ்சிபுரத்துல இப்படி ஒரு களப்பணியாளர் இருக்கவே முடியாது. அதத்தான் இந்த விடைகள் காட்டுது."

எங்கள் நிறுவனத்தார் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அவர் நித்யாவிடம் திரும்பினார். "இது நேர்ல கேட்ட கேஸா, இல்ல ரூம்ல உக்காந்து எழுதினதாம்மா? உண்மையச் சொல்லு. இட்டுக்கட்டின கேஸ் இதுல கலந்திருந்தா, உன்னை இந்த வேலையில வெச்சுக்கறதப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

நித்யாவின் முகம் வெளுத்துவிட்டது. "கேட்டதுதான் சார்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அதுவரை என் வேலையைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது என் வங்கிக் கரையால் அந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து.

எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். நாக்கு வழக்கம்போல் மேலே போய் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, ஏதாவது சொல்லணுமா?" என்றார் நிபுணர்.

நின்றுகொண்டே இருந்தேன். இது செவிலிமேடு இல்லை, மூன்று நாள் நிற்க முடியாது. நேராக முன்னால் போனேன். வெள்ளைப் பலகையில் வரிசைக்கு நாலு வட்டமாக வரைந்து, ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தேன். அ, ஆ, இ, ஈ, இ, ஆ, அ. பதினேழாவது வரிசையில் இ-யை நிரப்பி, பக்கத்தில் இருந்த ஈ-யைத் தொட்டு, பிறகு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

நித்யாதான் முதலில் புரிந்துகொண்டார். ஓடிப்போய் விடைத்தாள் கட்டை எடுத்து வந்து மேசையில் பரப்பினார். அதுவரை அந்தத் தாள்களை இயந்திரம்தான் பார்த்திருந்தது, மனிதர் யாரும் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று தாளுக்குத் தாள் அதே கரை ஓடியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரு முழுப் புடவைக்கே காணும்போல இருந்தது.

முதலில் கேட்டது தனலட்சுமியின் குரல்தான்.

"இன்னாண்ணா இது, வங்கியா? அப்போ அது விடை இல்லியா? அடப்பாவி அண்ணா! நான் சரியாப் போட்டதையெல்லாம் அழிச்சிட்டில்ல உன்னுத போட்டேன்!"

பின்வரிசையிலிருந்து இன்னும் சில பேர், "நாங்களும்தான்" என்றார்கள். வாக்குமூலம் வாங்கத் தேவையே இருக்கவில்லை. பத்மா மேடம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் அழுகை இல்லை.

"அப்ப அந்த வீட்ல உக்காந்தது..." என்று நிபுணர் என்னைப் பார்த்து இழுத்தார்.

"நான்தான்... சார்" என்றேன். அன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

நித்யாவின் வேலை தப்பியது. என் வேலையும் தப்பியது. யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லையாம். தேர்வு அன்றே நிபுணர் சொன்னது உண்மைதான். சோதித்தது கேள்வியைத்தான்.

ஆனால் பதினேழாவது கேள்வி தப்பவில்லை. "காரணம் தெரிஞ்சாச்சே சார், திருப்பிச் சேத்துக்கலாமே" என்று நித்யா மன்றாடிப் பார்த்தார். ஒருமுறை கோளாறு என்று பதிவாகிவிட்ட கேள்வியை அப்படியெல்லாம் சேர்க்க முடியாது, விதி இருக்கிறது என்றுவிட்டார் நிபுணர். ஆக, தேர்வில் என்னைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நானே தப்பாக விடை எழுதி, ஊரையும் எழுதவைத்து, என்னை நானே நீக்கிவிட்டேன்.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் கோமளாகூட மறந்திருப்பாள். போன வருடம் ரேவதியின் கல்லூரியிலும் அந்த முன்னோட்டத் தேர்வை நடத்தினார்கள். தேர்வு முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, விடைத்தாள்ல இப்போ அறிவுரைன்னு புதுசா அச்சடிச்சிருக்காங்கப்பா. ஏழாவது அறிவுரை இன்னா தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "'விடை வட்டங்களைக் கொண்டு கோலம், கரை, பூ முதலிய எவ்வித வடிவமும் அமைக்கக் கூடாது.' ஹாலே சிரிச்சுதுப்பா. பக்கத்துல இருந்தவ, 'எந்த லூசுடி இதப் பண்ணியிருக்கும்?'ன்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?" என்று கோமளா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஒண்ணும் சொல்லலமா. அப்பா டெக்னிக்தான். பேசாம உக்காந்துட்டேன்."

இப்போது எங்கள் வீட்டில் என் பெயர் 'ஏழாவது'. ரேவதியைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னிடம் இரண்டு மூன்று முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "சம்பந்தி எதுவுமே பேச மாட்டேங்கிறாரே" என்றார்கள். கோமளா காபியை வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்:

"அவுரு பேச மாட்டாருங்க. எழுத வெப்பாரு. ஒரே ஒரு வரிதான் எழுத வெச்சாரு, அத அச்சடிச்சு எல்லாப் பரீட்சையிலயும் குடுத்துக்கினு இருக்காங்க."